கனடா பிஆர் வந்துவிட்டது. வீட்டில் இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை

புறப்பாடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திறன் பணியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக விண்ணப்பித்திருந்த எங்கள் குடும்பத்துக்குக் கனடாவின் நிரந்தர வசிப்புரிமை, அதாவது பிஆர், உறுதியாகிவிட்டது. உறுதிச் சான்றில் குறித்திருக்கும் நாளுக்குள், அதாவது நாங்கள் மருத்துவப் பரிசோதனை செய்துகொண்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள், அங்கே போய் இறங்கியாக வேண்டும். அதில் இன்னும் ஐந்து மாதங்களே மீதமிருக்கின்றன. எந்தக் கடிதத்துக்காக மூன்று ஆண்டுகள் காத்திருந்தோமோ, அது வந்த நாளிலிருந்து வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை.

எனக்கு 38 வயது. மென்பொருள் சோதனைத் துறையில் வேலை பார்க்கிறேன். மனைவி 12 ஆண்டுகளாகச் செவிலியர். இப்போது ஒரு வார்டுக்கே பொறுப்பாக இருக்கிறார். மகளுக்கு ஒன்பது வயது. மகனுக்கு அடுத்த ஆண்டு நடுவில் நான்கு வயது நிறையும். அப்பா இறந்ததிலிருந்து 67 வயதான அம்மா எங்களோடுதான் இருக்கிறார்.

பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கனேடிய டாலரில் கணக்கிட்டால் எங்கள் சேமிப்பு ஏறக்குறைய 36,000. நான்கு பேர் கொண்ட குடும்பம் தன் சேமிப்பாகக் கனடாவின் குடியேற்றத் துறையிடம் காட்ட வேண்டிய தொகை, 2025 ஜூலையில் புதுப்பித்த பட்டியலின்படி, 28,362 டாலர். விமானச் சீட்டுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த பணம் சென்ற மாதம் அம்மாவின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் போய்விட்டது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அது செய்தே ஆக வேண்டிய செலவு. ஆனால் இனி சீட்டுகளையும் இந்த 36,000-லிருந்தே எடுக்க வேண்டும் என்றால், காட்ட வேண்டிய தொகைக்கு மேல் கையில் நிற்பது மிகக் கொஞ்சம். வீட்டுக்கடன் இன்னும் ஆறு ஆண்டுகள் ஓடும். அம்மா அதே வீட்டில்தான் இருக்கப்போகிறார் என்பதால் வாடகைக்கு விட்டுத் தவணையைக் கட்டும் வழியும் இல்லை. மைத்துனர் ஒரு தொகையைக் கைமாற்றாகத் தருவதாகச் சொல்கிறார்.

மகளின் சென்ற ஆண்டுப் பள்ளி நோட்டில் எழுதாமல் விட்ட பக்கங்களில் மனைவி கணக்கு எழுதி வருகிறார். உறுதியாகத் தெரிந்த தொகையைப் பேனாவாலும் தெரியாததைப் பென்சிலாலும் எழுதுவது அவர் பழக்கம். கனடாவில் முதல் ஆறு மாதம் என்று தலைப்பிட்ட பக்கங்களில் வாடகை, மளிகை, பேருந்து, குளிர்கால உடை என்று செலவுப் பக்கம் முழுவதும் பென்சில். வரவுப் பக்கத்தில் ஒன்றுமே எழுதப்படவில்லை. ஒரு வார்டை நடத்திய நான் அங்கே போய் எந்தப் படியிலிருந்து ஏறத் தொடங்குவேன் என்று ஒரே ஒருமுறை கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அம்மா, "போய் வாருங்கள், பிள்ளைகளுக்கு நல்லது" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை. மாலை வேளைகளில் மகள் உள்ளறையிலிருந்து காணொளி அழைப்பு விடுக்க, அம்மா கூடத்தில் உட்கார்ந்து அதை எடுத்துப் பேசப் பழகுகிறார். இருவருக்கும் இடையில் ஒரு சுவர்தான் இருக்கிறது. நேற்று நான் அந்த வாசலில் நின்று இருவர் குரலையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகு இரவு உணவு எனக்கு இறங்கவில்லை.

மூன்று வழிகளை யோசித்திருக்கிறோம். நால்வரும் ஒன்றாகப் போய் அங்கேயே தங்குவது முதலாவது. நால்வரும் போய் இறங்கிவிட்டு, மனைவியும் பிள்ளைகளும் திரும்பி வந்து அம்மாவோடு இருக்க, நான் மட்டும் தங்கி ஓராண்டு சம்பாதிப்பது இரண்டாவது. எல்லோரும் இறங்கி, எல்லோரும் திரும்பி, பணம் சேர்ந்த பிறகு போவது மூன்றாவது. அனுபவப்பட்டவர்கள் மனம் விட்டுச் சொல்லுங்கள்.

பத்தாம் ஆண்டு எழுதியது:

வாழ்த்துகள் நண்பரே. நான் டொரன்டோவை ஒட்டிய பகுதியில் பத்து ஆண்டுகளாக இருக்கிறேன்.

அந்த 28,362 என்ற எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அரசாங்கமே சொல்லியிருக்கும் தொகை என்பதால் அது ஒரு குடும்பம் ஓராண்டு பிழைக்கப் போதும் என்று நானும் நினைத்துத்தான் வந்தேன். கனடாவில் குறைந்த வருமான வரம்பு என்று ஒன்று உண்டு; ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து லிக்கோ என்பார்கள். ஆண்டு வருமானம் அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் அக்குடும்பம் அடிப்படைத் தேவைகளுக்கே திணறும் என்று கருதுகிறார்கள். உங்களைக் காட்டச் சொல்லும் தொகை அந்த வரம்பில் சரிபாதி. அப்படியானால் ஏழ்மையின் விளிம்பில் இருக்கும் ஒரு குடும்பம் ஆறு மாதம் செலவழிக்கும் தொகையைத்தான் அது குறிக்கிறது. ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு வருமானம் வந்தாக வேண்டும் என்று எடுத்துக்கொண்டு உங்கள் மனைவியின் நோட்டை நிரப்புங்கள்.

முதல் மாதத்தில்தான் பணம் கரையும். ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி வீட்டு உரிமையாளர் முன்பணமாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டுமே. ஒரு மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை வாங்கக் கூடாது. முதல் மாத வாடகையையும் சேர்த்து இரண்டு மாதம் கொடுத்துவிட்டுச் சாவி வாங்குவது வழக்கம். ஆனால் இங்கே உங்களுக்குக் கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய பதிவு, கிடையாது, வேலைக் கடிதமும் கிடையாது. உரிமையாளர்கள் தயங்குவார்கள். அதனால் புதிதாக வருபவர்கள் தாமாகவே முன்வந்து பல மாத வாடகையை மொத்தமாகக் கொடுக்கிறார்கள். நான் ஒரு பேஸ்மென்ட் வீட்டுக்கு நான்கு மாத வாடகையை முன்கூட்டிக் கொடுத்தேன். கொடுத்த அன்று இரவு வங்கிக் கணக்கைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஊரில் இருந்தபடியே இணையத்தில் படம் பார்த்து வீட்டுக்குப் பணம் அனுப்பிவிடாதீர்கள். இல்லாத வீட்டுக்கு முன்பணம் கொடுத்து ஏமாந்தவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். வந்து இறங்கி இரண்டு வாரம் தற்காலிகமாகத் தங்கி, கண்ணால் பார்த்து எடுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை எனக்கு நான்கு மாதம் ஒரு நேர்காணல் அழைப்புகூட வரவில்லை. 11 வாரங்கள் ஒரு கிடங்கில் இரவு ஷிப்டில் பெட்டி அடுக்கினேன். சர்வைவல் ஜாப் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். கனேடிய அனுபவம் உண்டா என்ற கேள்வி அப்போது எல்லா இடத்திலும் இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை விளம்பரங்களில் கனேடிய அனுபவம் தேவை என்று குறிப்பிடச் சட்டம் தடை விதிக்கிறது. விளம்பரத்திலிருந்து அந்தச் சொல் போய்விடும். தேர்வு செய்பவரின் மனத்திலிருந்து போக நாளாகும் என்பது என் எண்ணம். முடிந்தால் குளிர் குறையும் நேரத்தில் வாருங்கள். டிசம்பரில் ஆள் எடுப்பு மந்தமாக இருக்கும். உடைக்கும் உடனே செலவாகும்.

திரும்பி வந்தவள் எழுதியது:

புறப்பாடு அவர்களே, நீங்கள் எழுதியிருக்கும் இரண்டாவது வழியை நாங்கள் செய்து பார்த்தோம். அதைச் செய்யாதீர்கள் என்று சொல்லவே எழுதுகிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் நாங்கள் மூவரும் போய் இறங்கினோம். மூன்றாவது வாரத்தில் நானும் மகனும் திரும்பி வந்து மாமனார் மாமியாருடன் தங்கினோம். என் கணவர் அங்கே ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு வேலை தேடினார். கணக்கில் பார்த்தால் அது சிக்கனம்தான். ஆனால் இரண்டு இடத்தில் அடுப்பு எரிந்தது. இரண்டு இடத்திலும் வாடகையும் மின்கட்டணமும் இருந்தன. இவற்றுக்கு மேல் இன்னொன்று நடந்தது. மகனுக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் இரண்டு நாள் சேர்த்திருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் கலங்குவார் என்று நினைத்தேன். அவர் கிரெடிட் கார்டில் வாங்கி வாங்கி அதன் எல்லையை எட்டியிருந்ததை என்னிடம் சொல்லவில்லை. நான் கலங்குவேன் என்று நினைத்தார். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டே இருந்தோம். 14-ஆவது மாதம் அவர் திரும்பி வந்தபோது, விமான நிலையத்தில் என் மகன் அவரைப் பார்த்து என் பின்னால் ஒளிந்துகொண்டான்.

நாங்கள் திரும்பியதற்குப் பணம் காரணம் என்று உறவினர்களிடம் சொன்னோம். அது பாதி உண்மை. அந்த நிலையில் வேறு குடும்பங்கள் தாக்குப்பிடித்திருக்கலாம். எங்களால் முடியாமல் போனதற்கு, எந்தத் தொகை வரை பொறுப்பது, எந்த நாள் வரை பொறுப்பது என்று போகும் முன்பு இருவரும் உட்கார்ந்து பேசாததும், போன பிறகு உண்மையைப் பேசாததுமே காரணம். திரும்பி வந்ததில் எனக்கு வெட்கமில்லை. மறைத்ததுதான் இன்றும் உறுத்துகிறது.

வரிக்கணக்கு எழுதியது:

மைத்துனர் தரும் கைமாற்றைப் பற்றி மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன். குடியேற்றத் துறையிடம் காட்டும் தொகை கடன் வாங்கியதாக இருக்கக் கூடாது என்பது விதி. வீடு, நிலத்தின் மதிப்பையும் அதில் சேர்க்க முடியாது. கடனை உங்கள் சொந்தப் பணம் போலக் காட்டினால் அது தவறான தகவல் தருவதாகும். அதற்கு ஐந்து ஆண்டுகள் நாட்டுக்குள் வரத் தடை உண்டு. வந்து இறங்கும்போதும் அதிகாரி பணச் சான்றைக் கேட்கலாம். எனவே 28,362 உங்கள் சொந்தப் பணமாக, எடுக்கக்கூடிய நிலையில் இருக்கட்டும். விமானச் சீட்டு வாங்கிய பிறகும் அது குறையாமல் இருக்கிறதா என்று சரிபாருங்கள். மைத்துனர் பணம் வேண்டுமென்றால் அது ஊரிலேயே, வீட்டுக்கடன் தவணைக்கென்று தனியாக நிற்கட்டும். டாலரில் சம்பாதிக்கத் தொடங்கும் முன் டாலரைத் திருப்பி அனுப்பித் தவணை கட்டுவது உங்களை வேகமாக வற்ற வைக்கும்.

வரவுப் பக்கம் காலியாக இருக்கிறது என்றீர்கள். அதில் ஒரு வரி எழுதலாம். கனடா குழந்தை நலத்தொகைக்கு நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள் வந்த உடனேயே விண்ணப்பிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து 2026 ஜூன் வரையிலான காலத்துக்கு ஆறு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 7,997 டாலர். ஆறு முதல் 17 வயது வரை 6,748 டாலர். உங்கள் இரு பிள்ளைகளுக்கும் முழுத் தொகையும் கிடைத்தால் மாதம் 1,200 டாலருக்குச் சற்று மேல் வரும். வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் எந்த நாட்டில் சம்பாதித்திருந்தாலும் அந்த வருமானத்தையும் படிவத்தில் கேட்பார்கள். அதைப் பொறுத்துத் தொகை குறையும். கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும் என்பதால் இதைப் பென்சிலாலேயே எழுதுங்கள். பிள்ளைகள் கனடாவில் வாழ்ந்தால்தான் இது உண்டு. இரண்டாவது வழியில் இது இல்லை.

மேலும் இரண்டு சிறு குறிப்புகள். கையில் 10,000 டாலரோ அதற்கு மேலோ கொண்டுவந்தால் எல்லையில் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் ஒரு சிக்கலும் இல்லை. நீங்கள் வசிக்கத் தொடங்கும் நாளில் ஊரிலுள்ள சொத்தின் சந்தை மதிப்பு என்ன என்பதற்கு ஒரு மதிப்பீட்டுச் சான்று வாங்கி வையுங்கள். பிற்காலத்தில் விற்றால் அந்த மதிப்பிலிருந்துதான் கனடாவில் ஆதாயத்தைக் கணக்கிடுவார்கள்.

புறப்பாடு எழுதியது:

மிக்க நன்றி. திரும்பி வந்தவள் அவர்கள் எழுதியதை மனைவியும் நானும் இரண்டு முறை சேர்ந்து படித்தோம். இரண்டாவது வழியைக் கைவிட்டுவிட்டோம். ஆனால் அம்மாவை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பிஆர் விண்ணப்பத்தில் பெற்றோரைச் சேர்க்க முடியாது என்பது தெரியும். சுற்றுலா விசாவில் எங்களோடு அழைத்துப்போய்ப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

நடுவழி எழுதியது:

நீங்கள் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஐந்து ஆண்டுகளில் 730 நாள் கனடாவில் இருந்தால் வசிப்புரிமை நிற்கும். அதாவது மூன்று ஆண்டுகள் வெளியே இருக்க இடமிருக்கிறது. ஒருமுறை போய் சாஃப்ட் லேண்டிங், அதாவது இறங்கியதைப் பதிவு செய்துகொண்டு உடனே திரும்புவது, செய்துவிட்டு வந்து, இரண்டு ஆண்டுகள் சம்பாதித்து, அம்மாவின் முழங்காலும் குணமான பிறகு போகலாமே.

பத்தாம் ஆண்டு எழுதியது:

நடுவழி சொல்வது விதிப்படி சரி. ஆனால் நான்கு பேர் போய்வரச் செலவு, மறுபடி போகச் செலவு என்று சீட்டுக்கே சேமிப்பில் பெரும்பகுதி போய்விடும். அங்கே ஒரு நம்பகமான முகவரி இல்லாவிட்டால் பிஆர் அட்டை வந்துசேர்வதும் சிரமம்; அட்டை இல்லாமல் விமானம் ஏற வெளிநாட்டிலிருந்து தனிப் பயண ஆவணம் வாங்க வேண்டும். இவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. ஒன்ராறியோவில் நான்கு வயது நிறையும் ஆண்டின் செப்டம்பரிலேயே பிள்ளையை அரசுப் பள்ளியின் ஜூனியர் கிண்டர்கார்டனில் சேர்க்கலாம். முழுநாள் வகுப்பு, கட்டணம் இல்லை. மகன் அந்த வயதில்தான் இருக்கிறான். குழந்தைகள் காப்பகத்துக்குத் தர வேண்டிய பணம் செப்டம்பரிலிருந்து மிச்சம். தாய் வேலைக்கோ தேர்வுக்கோ நேரம் ஒதுக்க முடியும்.

மருத்துவச் செலவையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்க முன்பு மூன்று மாதக் காத்திருப்பு இருந்தது. 2020 மார்ச்சில் அதை நீக்கிவிட்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற மாகாணங்களில் இன்னும் உண்டு. எந்த மாகாணத்தில் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தனியார் காப்பீட்டுச் செலவை நோட்டில் சேர்க்கவோ நீக்கவோ வேண்டும்.

இரவுப் பணி எழுதியது:

இதை உங்கள் மனைவிக்கு எழுதுகிறேன். சகோதரி, நான் ஒன்ராறியோவில் பதிவு பெற்ற செவிலியர். வரும்போது உங்களைப் போலவே பத்து ஆண்டுகளுக்கு மேல் பணி செய்திருந்தேன்.

எந்தப் படியிலிருந்து தொடங்குவேன் என்று நீங்கள் கேட்டதாக உங்கள் கணவர் எழுதியிருந்தார். உண்மையைச் சொல்கிறேன். நான் முதலில் முதியோர் இல்லத்தில் பிஎஸ்டபிள்யூ என்னும் பராமரிப்புப் பணியாளராகச் சேர்ந்தேன். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டிவிடுவது. ஒருநாள் ஒரு முதியவருக்கு மூச்சின் சத்தம் மாறியிருப்பதைக் கேட்டவுடன் எனக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் எடுக்க எனக்கு உரிமை இல்லை. பொறுப்புச் செவிலியரை அழைக்க ஓடினேன். அந்த ஓட்டத்தை நான் மறக்கவில்லை. அது 20 மாதங்கள் நீடித்தது. அதில் ஏறக்குறைய ஓராண்டு என் அலட்சியத்தால் வீணானது. சான்றுகளைக் கிளம்பும் முன் ஏற்பாடு செய்யாமல், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். செவிலியர் பதிவை ஒவ்வொரு மாகாணத்திலும் ஒரு தனி அமைப்பு கவனிக்கிறது; நடைமுறையும் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். தேசியச் செவிலியர் மதிப்பீட்டுச் சேவை வழியாகப் போவதானால், படித்த கல்லூரியும் இப்போது பதிவு வைத்திருக்கும் செவிலியர் குழுவும் உங்கள் சான்றுகளை நேரடியாக அவர்களுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். நீங்கள் ஊரில் இருக்கும்போது கல்லூரி அலுவலகத்தில் நேரில் போய் நின்று இதைச் செய்ய வைக்கலாம். கடல் கடந்து வந்த பிறகு ஒரு கையெழுத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். மீதமுள்ள ஐந்து மாதங்களில் உங்கள் குடும்பம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. பதிவுக்கு எழுத வேண்டிய தேர்வு என்கிளெக்ஸ்-ஆர்என், 2015 முதல் ஒன்ராறியோவில் அதுதான். அதற்கு இப்போதே படிக்கத் தொடங்குங்கள். இன்றைக்கு நான் மறுபடியும் ஒரு வார்டில் பொறுப்பில் இருக்கிறேன்.

மூத்த மகள் எழுதியது:

அம்மாவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். என் பெற்றோர் சூப்பர் விசாவில், அதாவது பெற்றோர் நீண்ட நாள் தங்குவதற்கான வருகை விசாவில், வந்து போகிறார்கள்.

சாதாரண வருகை விசாவில் வழக்கமாக ஆறு மாதம்தான் தங்க முடியும். மகன் குடும்பம் முழுவதும் குடிபெயர்கிறது என்னும்போது அம்மா திரும்பிப் போவாரா என்ற ஐயத்தில் மறுக்கவும் வாய்ப்புண்டு. பெற்றோருக்கே நிரந்தர வசிப்புரிமை வாங்கும் திட்டத்தில் 2025-இலும் 2020-இல் பெயர் கொடுத்தவர்களைத்தான் அழைத்தார்கள்; புதிதாகப் பெயர் கொடுக்க அதன் பிறகு வாய்ப்பே தரவில்லை. எனவே உங்களுக்குப் பொருந்துவது சூப்பர் விசா. 2022 ஜூலையிலிருந்து ஒரு முறை வந்தால் ஐந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து தங்கலாம். குறைந்தது 100,000 டாலருக்கு ஓராண்டு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். வயதையும் முன்பிருந்த நோய்களையும் பொறுத்துக் கட்டணம் ஏறும்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது வருமான நிபந்தனை. பத்தாம் ஆண்டு எழுதிய அதே லிக்கோ கோடுதான் இங்கேயும் வருகிறது. நீங்கள் நாட்டுக்குள் வர அதில் பாதியைச் சேமிப்பாகக் காட்டுகிறீர்கள். அம்மாவை அழைக்க முழுக்கோட்டையும் ஆண்டு வருமானமாகக் காட்ட வேண்டும். அம்மாவையும் சேர்த்து ஐந்து பேர் என்பதால், 2025 கணக்கில் அது 64,336 டாலர். கணவன், மனைவி இருவர் வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம். கிடங்கு வேலையில் ஒருவர் சம்பாத்தியத்தை மட்டும் வைத்து இந்தத் தொகையை எட்டுவது கடினம். எனவே உங்கள் அம்மா எந்த ஆண்டில் வருவார் என்பதைத் தீர்மானிக்கப்போவது உங்கள் மனைவியின் செவிலியர் பதிவு. மனைவியின் வேலை, அம்மாவின் தனிமை, கைக்காசு என்று மூன்று தனித்தனிக் கவலைகளாக எழுதியிருக்கிறீர்கள். நான் படிக்கும்போது அது ஒரே கவலையாகத்தான் தெரிந்தது.

ஆனால் ஒன்று. அம்மாவுக்கு வர விருப்பமா என்று யாராவது கேட்டீர்களா? என் அப்பாவுக்குக் கனடா பிடிக்கவில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து தபால்காரர் வரும் நேரத்தைக் கணக்கு வைத்திருப்பார். நான்கு மாதம் கழித்து, தயங்கித் தயங்கி, ஊருக்கு அனுப்பிவிடு என்றார். இப்போது கோடையில் மட்டும் வருகிறார், எல்லோருக்கும் நிம்மதி. உங்கள் அம்மா "போய் வாருங்கள்" என்று சொல்வதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், மறுப்பு என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள்.

புறப்பாடு எழுதியது:

வணக்கம். இதுவரை எழுதியவரின் மனைவி நான். அவர் அனுமதியோடு அவர் கணக்கிலிருந்தே எழுதுகிறேன்.

மூத்த மகள் அவர்கள் சொன்னபடி நேற்று அத்தையிடம் பேச உட்கார்ந்தோம். பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எத்தனை பிசியோதெரபி முடிந்திருக்கிறது என்று கேட்டேன். போய்க்கொண்டிருக்கிறேன் என்றார். வருகை அட்டையை எடுத்துவரச் சொன்னேன். மொத்தம் 12 கட்டங்கள். ஐந்தில்தான் கையெழுத்து இருந்தது. கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருமுனை வரை நடந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து திரும்பி வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் கட்டணத்துக்காக நாங்கள் கொடுத்த பணத்தை ஓர் உறையில் போட்டு வைத்திருந்தார். விமானச் சீட்டுப் பணம் தன்னால்தான் போயிற்று என்று நினைத்து, முடிந்ததைத் திருப்பித் தர வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்.

நான் செவிலியர். 12 ஆண்டுகளாக அடுத்தவர் முழங்காலை மடக்கிப் பார்க்கிறவள். என் வீட்டில், என் கண்முன்னால், ஒரு மூட்டு இறுகிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. அந்த நேரமெல்லாம் நான் நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அத்தை நிறையப் பேசினார். உடனே வர அவருக்கு விருப்பமில்லை. ஒருமுறை வந்து பார்க்கிறேன், அதன் பிறகு சொல்கிறேன் என்கிறார். இரவில் உடம்புக்கு முடியாமல் போனால் யாரை அழைப்பது, இன்னொரு சாவி யாரிடம் இருக்கும், தவணை கட்ட முடியாமல் போனால் வீட்டை விட்டு யாராவது எழுந்திருக்கச் சொல்வார்களா என்று மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றாவது கேள்வியை அவர் எத்தனை நாள் மனத்தில் வைத்திருந்தாரோ தெரியவில்லை. நான் என் பங்குக்கு ஒரு நிபந்தனை சொன்னேன்: தொகையும் நாளும் எழுதிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும், அந்தக் கணக்கை மாதம் ஒருமுறை மூன்று பேரும் பார்க்க வேண்டும்.

இரவுப் பணி அக்காவுக்கு என் நன்றி. நாளை விடுப்பு எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போகிறேன்.

திரும்பி வந்தவள் எழுதியது:

சகோதரி, அந்த உறையை உங்கள் அத்தையிடமே வைத்திருக்கச் சொல்லுங்கள். அதை வாங்கிச் செலவுக்கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

புறப்பாடு எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் சொன்ன அனைவருக்கும் நாங்கள் என்ன முடிவு செய்தோம் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நால்வரும் ஒன்றாகப் போகிறோம், ஒன்ராறியோவில் இறங்குகிறோம். என் சித்தி, அம்மாவின் தங்கை, தனியாகத்தான் இருக்கிறார். அவர் வந்து அம்மாவோடு தங்கச் சம்மதித்திருக்கிறார். இரண்டாவது சாவியும் இரவில் அழைக்க வேண்டிய எண்ணும் இருவரிடமும் இருக்கும். மைத்துனரிடம் பணம் வாங்குகிறோம். அது கனடாவுக்கு வராது. வரிக்கணக்கு அவர்கள் சொன்னதைப் பின்பற்றி, ஓராண்டுத் தவணைக்கான தொகையை வீட்டுக்கடன் கழியும் வங்கிக் கணக்கிலேயே போட்டுவிடுகிறோம். கணக்குப் புத்தகம் அம்மாவிடம் இருக்கும். அவருடைய மூன்றாவது கேள்விக்கு எங்களால் தர முடிந்த பதில் அதுதான். உறையும் அவரிடமே இருக்கிறது.

என் காரை விற்கிறேன். விமானச் சீட்டு அதிலிருந்து வரும். எனவே 36,000 அப்படியே நிற்கும். அதில் 9,000-ஐத் தொடாத பணமாக ஒதுக்கியிருக்கிறோம். மீதி முழுவதும் தீர்ந்து 9,000-க்கு வந்து நின்ற பிறகும், முதல் பத்து மாதங்கள் முடியும்போது இருவரில் ஒருவருக்கும் நிலையான வேலை அமையவில்லை என்றால், அந்தப் பணத்தில் திரும்பி வருவோம். இதை நோட்டின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதி, அம்மா உட்பட மூவரும் பார்த்துவிட்டோம். அங்கே போனதும் துறை வேலைக்காக நான் மூன்று மாதம் முழுமூச்சாக முயல்வேன்; அதன் பிறகு கிடைக்கும் வேலைக்குப் போவேன். மனைவி பதிவு வேலையை எதற்காகவும் தள்ளிப்போடக் கூடாது என்பதில் அவரைவிட நான் பிடிவாதமாக இருக்கிறேன். கல்லூரி சான்றுகளை அனுப்பிவிட்டது. அவருடைய அலுவலகத் தோழி ஒருவர் பழைய தேர்வுப் புத்தகங்களைக் கொடுத்திருக்கிறார். இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு படிக்கிறார்.

மகன் ஜூனியர் கிண்டர்கார்டன் சேரும் வரையிலான மாதங்கள் இன்னும் பென்சிலில்தான் இருக்கின்றன. வாடகையும் அப்படியே. அங்கே போய்ப் பார்த்தால்தான் அவை பேனாவுக்கு மாறும் என்று விட்டுவிட்டோம்.

செவ்வாயும் வெள்ளியும் நான்தான் அம்மாவைப் பிசியோதெரபிக்கு அழைத்துப்போகிறேன். நான் வெளியே காத்திருக்க, உள்ளே அவர் காலை நீட்டி மடக்கும்போது வலியில் எண்ணுவது கேட்கிறது. முதல் வாரம் பத்து வரை எண்ணினார், நேற்று 18 வரை போனார். வருகை அட்டையில் இன்னும் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. அதன் பிறகு ஒரு மாதம் வீட்டிலேயே செய்ய வேண்டிய பயிற்சிகளை மனைவி எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த ஒரு மாதம் முடிந்து அடுத்து வரும் வாரத்துக்குச் சீட்டு எடுத்திருக்கிறோம். சான்றில் உள்ள கடைசி நாளுக்கு அப்போது இன்னும் ஏழு வாரங்கள் இருக்கும்.